பதினோரு தலை

“எல்லார் தலையிலயும் பிடுங்குங்க மேடம். ஒருத்தரையும் விடாதீங்க.”

பஞ்சுத்தலையர் இதைச் சொன்னபோது அவர் பின்னால், போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், பத்துப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். தங்கை, அக்கா, அக்காவின் ஐந்து மக்கள், செத்துப்போன சின்னம்மாவின் மூன்று மக்கள். அவரோடு சேர்த்துப் பதினோரு தலை.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். “என்னய்யா இது, கல்யாண வீடா?”

உட்காரச் சொன்னார்கள். பஞ்சுத்தலையர் உட்காரவில்லை. ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்தவன் தங்கையின் மகன். இருபத்தேழு வயது. சாயங்காலம் ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவன் வேலை பார்த்த பிளாஸ்டிக் வாளிக் கம்பெனி முதலாளி, ஆட்கள் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க அவர்களுடைய படிப்புச் சர்டிபிகேட்டுகளை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், யாரோ பூட்டை அறுத்துவிட்டார்கள். முப்பத்தொரு பேர் சர்டிபிகேட்டும் அவரவர் வீட்டுக் கதவுக்கு அடியில் வந்து விழுந்தன.

மறுவாரமே பத்தொன்பது பேர் வேலையை விட்டு நின்றார்கள்.

முதலாளிக்குப் பைத்தியம் பிடித்தது போல ஆயிற்று. மேலிடத்தில் பேசினான். அலமாரிக் கீலின் கிரீஸில் ஒரே ஒரு முடி ஒட்டியிருந்தது. அதை ஆய்வுக்கூடம் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஏழை வீட்டில் கொலையே விழுந்தாலும் இந்த வேகம் வந்திருக்காது.

நேற்று ரிப்போர்ட் வந்தது. மருமகன் முடியோடு ஒத்துப்போகிறதாம். நேற்றே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

ரிப்போர்ட்டை விளக்க வந்திருந்த ஆய்வுக்கூடத்து மேடம் மேசையோரம் உட்கார்ந்திருந்தாள். பஞ்சுத்தலையர் அவள் பக்கம் திரும்பினார்.

“போன வாரம் இவன் தலையில முடி எடுத்தப்ப என்கிட்ட சொன்னத இவர்கிட்டயும் சொல்லுங்க.”

மேடம் சொன்னாள். வேர் இருந்தால் ஆளையே சொல்லிவிடலாம். இந்த முடியில் வேர் இல்லை, பாதியில் அறுந்தது. அதை வைத்துத் தாய்வழியைத்தான் சொல்ல முடியும். அம்மா, அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், அதில் பெண்கள் பெற்ற பிள்ளைகள், எல்லாருக்கும் ஒன்றேதான்.

“அப்ப தாய்மாமனுக்கும்?”

“உங்களுக்கும்தான்.”

இன்ஸ்பெக்டர் விடவில்லை. “அடுத்ததையும் சொல்லுங்க மேடம். அது நரைச்ச முடி, மேல கறுப்புச் சாயம். இந்தப் பயலுக்கும் நரை, சாயம் பூசறான். போதாதா?”

“எங்க வீட்டுல இருபது வயசுல எல்லாருக்கும் நரைச்சிடும் சார். வராந்தாவுல பாருங்க, அத்தனையும் தார் போட்ட தலைதான்.”

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

“ஆனா அங்க வேலை பார்த்தவன் இவன்தானே?”

“நானும் அங்க இருபது வருஷம் வெல்டிங் பண்ணவன்தான். அந்த அலமாரிக்குக் கீல் வெச்சதே நான்.” பஞ்சுத்தலையர் மேசையில் உள்ளங்கையை ஊன்றினார். “அந்த முடி என்னோடது. எழுதிக்கங்க. அவனை விடுங்க.”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவைத் தூக்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் தலையைப் பார்த்தார். அரை விரல் நீளத்துக்கு ஒட்ட நின்ற முடி, அத்தனையும் வெள்ளை வெளேரென்று. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பெரியவரே, மருமகன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா? தெருக்கோடியில வந்தாலே உங்க தலை தெரியுது. அன்னிக்குக் கம்பெனி வாட்ச்மேன் தூரத்துல பார்த்தது கறுப்புத் தலை. இந்தக் கூட்டத்துல சேராத ஒரே ஆள் நீங்கதான்.”

பஞ்சுத்தலையர் சிரிக்கவில்லை.

“அப்ப என்னை விட்டுட்டு மத்த பத்துப் பேரையும் உள்ள போடுங்க. சோறு ஸ்டேஷன்லதானே?”

மேடமும் சிரிக்கவில்லை. அந்த அரை விரல் முடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனியவில்லை.

கடைசியில் அவள் பேனாவை மூடினாள். “இதை மட்டும் வெச்சு ஒருத்தரைப் பிடிச்சீங்கன்னா, கோர்ட்டுல என்னைக் கேட்டா இதையேதான் சொல்லுவேன் சார்.”

இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தூக்கி மேசையில் அடித்தார். வேறு என்ன செய்வார்?

நாலு மணிக்கு மருமகன் வெளியே வந்தான். அக்கா மக்கள் அவனைத் தோளில் தட்டியபடி முன்னால் நடந்தார்கள். தங்கை மட்டும் பின்தங்கி அண்ணனோடு வந்தாள். 

தெரு திரும்பிய பிறகு சொன்னாள்.

“நீ மறுநாளே மொட்டை போட்டாலும், தலகாணி உறையில அந்தக் கறை இன்னும் போகல அண்ணே. அடுத்த தடவை சாயமெல்லாம் பூசிவிட மாட்டேன். தொப்பி போட்டுட்டுப் போ.”