அகிலாண்டம் கடன் கொடுத்த களைப்பு

"எம் பொண்டாட்டி கட்டில விட்டு எறங்காமலே பதினோரு டாக்டருங்கள மல்லாத்திட்டா, தெரியுமா!" ஓய்வுபெற்ற நடத்துநர் சிங்காரவேலு இப்படி ஆரம்பித்தால் துறையூர்க் கடைத்தெருவே சிரிக்கும்.

அகிலாண்டத்துக்கு இருபது வருடமாகத் தீராக்களைப்பு நோய். தினமும் நடக்கவேண்டும், வாராவாரம் தூரத்தைக் கூட்டவேண்டும் என்றது சிகிச்சை வழிகாட்டி. நடந்தால் அன்றைக்குத் தாங்குவாள். மறுநாள் விழுந்தால் எழுந்திருக்க ஒரு மாதமாகும். அடுத்து எழுதப்போகும் புதிய வழிகாட்டியிலும் நடை இருந்தால் அவள் எழவே மாட்டாளோ என்று சிங்காரவேலுவுக்குப் பயம்.

வழிகாட்டி எழுதும் டாக்டர்கள் நோயாளியின் களைப்பைக் கைப்பட்டையில் ஏற்றி ஒரு நாள் அணிந்த பிறகே கையெழுத்துப் போடலாம் என்பது விதி. இம்முறை அகிலாண்டத்தின் களைப்பு. பதினோரு பேரும் பட்டையைக் கட்டிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று நடந்தார்கள்.

"பாத்தியாக்கா, எல்லாம் மனசுதான்," என்று அவர்களில் ஒருவனான அவள் தம்பி மதிவாணன் மாலையில் அவள் கட்டிலருகே எல்லாரோடும் வந்து நின்று பட்டையைக் கழற்றப் போனான்.

"எல்லாரும் நாளைக்குக் கழட்டுங்க தம்பி," என்றாள் அகிலாண்டம் படுத்தபடியே.

பதினோரு பேரும் வீராப்பாக ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாள் ஒருவர் இட்லியை வாய்வரை தூக்க ஆள் கேட்டார். இன்னொருவரை எழுப்ப யானை வைத்தியர் வந்தார் என்பார் சிங்காரவேலு. வழிகாட்டியிலிருந்து நடை போய், ஓய்வு வந்தது. இப்போது அகிலாண்டம் தன் தலையைத் தானே வாரிக்கொள்கிறாள். பதினோரு வீட்டுக்கும் பொங்கல்தோறும் அவரே கரும்பு சுமந்துபோய்க் கொடுக்கிறார்.

"யானை வைத்தியரா? அளக்காதீங்க அத்தான்," என்ற மதிவாணன், கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மத்ததெல்லாம் நெசந்தான். அந்த இட்லி என்னோடது."