ஒளிராத குடுவை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, மனசு நிறைகிற மாதிரி ஒரு கதை சொல்கிறேன்.

மருமகளை வீட்டுக்கு அழைத்துப்போக மாமனார் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். அவளோ கிளம்புவதாக இல்லை.

"தூசியை விடப் பொடிசா குறைகடத்தித் துகள் செஞ்சிருக்கேன் மாமா. அதோட ஒளி இன்னிக்கும் சரியா வரலைன்னா என் ஆராய்ச்சிய நிறுத்திடுவாங்க. எனக்கு ஆசை கண்ணை மறைக்கும். நீங்க பார்த்துச் சொல்லுங்க."

அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டாள். கூட ஆராய்ச்சி செய்யும் தோழியின் துகள்கள் இருந்த குடுவைகள் பச்சையும் சிவப்புமாய் ஜொலித்தன.

"உன்னுது எதும்மா?"

"கடைசியில இருக்கிறது. என்ன நிறம் தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே."

"லேசாக்கூட?"

மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"துளிகூட இல்லம்மா. உன் மாமியார் மாதிரி உம்முன்னு உட்கார்ந்திருக்கு. விடு, வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

மருமகள் தேம்பினாள். அவர் பதறிப்போய் அவள் தலையைத் தடவினார்.

"சந்தோஷத்துல அழறேன் மாமா. இத்தனை நாளும் சிவப்பு கொஞ்சம் எட்டிப் பார்த்துக் கெடுத்துச்சு. எனக்கு வேண்டியதே கண்ணுக்குத் தெரியாத ஒளிதான்."

கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பிடிக்கிற கேமரா ஒன்று குடுவைகளைப் பார்த்தபடி இருந்தது; தன் பக்கம் இருந்த அதன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதில் அந்தக் குடுவை மட்டும் தகதகவென்று எரிந்தது. அவருடைய கையைப் பிடித்துக் குடுவைக்கும் கேமராவுக்கும் குறுக்கே வைத்தாள். ஒளி கையைத் துளைத்துக்கொண்டு வர, ரத்தக் குழாய்கள் ஒவ்வொன்றும் திரையில் தெளிவாகத் தெரிந்தன.

"இனி ஊசி போடறவங்க நரம்பைத் தேடிக் குத்திக் குத்திப் பார்க்க வேண்டாம் மாமா."

மாமனார் உடனே வீட்டுக்கு போன் போட்டார். "நம்ம பொண்ணு ஜெயிச்சுட்டாடி. அவ தோத்துட்டதா நினைச்சு நான் ஆறுதல் சொல்லிட்டிருந்தேன்."

உங்கள் வீட்டுப் பெண்கள் தொட்ட காரியமும் இப்படியே ஜெயிக்கட்டும். வீடு நிறையச் சிரிப்போடு நன்றாயிருங்கள்.