வலப்பக்கப் பட்டன்

உத்தமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டியவன். இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று வலப்பக்கப் பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்திருந்தான். வலக்கை மணிக்கட்டோடு போய்விட்டது.

"விரலை மடக்குற தசை முன்கையிலதான் இருக்குண்ணா. அது போகல. தினமும் இறுக்கி இறுக்கி விடுங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட் சுதா.

மூன்று மாதம் கழித்து ஸ்டோர் வேலைக்குத் திரும்பினான். அவனுடைய மெஷினில் இப்போது கோகுல்நாத்.

"டேப்ப பிச்சிட்டாங்கோ அண்ணாத்தே, இனிமே பயமில்ல," என்ற கோகுல்நாத், இடப்பக்கப் பட்டனை அமுக்கியபடியே வலக்கையை உள்ளே விட்டுச் சிக்கிய தகட்டை நெம்பினான்.

எட்டடி தள்ளி நின்ற உத்தமனின் முன்கை தானாக இறுகியது. இல்லாத விரல்கள் மடங்குவதை அவன் உணர்ந்தான்.

யாரும் தொடாத வலப்பக்கப் பட்டன் மெல்ல உள்ளே போனது.