கொட்டை எழுத்தில்

"‘ஒவ்வொரு பிள்ளையும் நாட்டின் செல்வம்.’ இந்த வரியை மட்டும் கொட்டை எழுத்துல போடும்மா" என்றார் அதிகாரி வாஹிதி. நாளைய கூட்டத்துக்கான உரை.

மெஹ்ரி தட்டச்சு செய்தாள். ஐந்து மாத வயிற்றைச் சால்வை மறைத்திருந்தது.

யஸ்த் நகரில், பிள்ளைப்பேற்றை ஊக்குவிக்கவே திறந்த அலுவலகம் அது. மூன்றாவது பிள்ளைக்கு ஒரு கம்பளம் பரிசு. வாங்க ஆளில்லாமல் இருபது கம்பளங்களைப் பூச்சி அரித்துக்கொண்டிருந்தது.

தேநீர் கொண்டுவந்த ரஹ்மத் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் சொல்லலையாம்மா?"

"பயமா இருக்கு அண்ணே. மூத்தவ வயித்துல இருந்தப்போ, பழைய கம்பெனியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இந்தச் சம்பளமும் போச்சுன்னா வீட்டு வாடகைக்கு எங்க போவேன்?"

"அட, அது பிஸ்கட் கம்பெனி. இங்க நம்ம தொழிலே பிள்ளைதானே! இங்கேயே அனுப்பினா ஊர் சிரிக்காதா?"

சர்க்கரைக் கட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கம்மாவுக்கு ஒன்பது. எனக்கு நாலு. நாலு பேரையும் படிக்க வச்சேன், ஆளுக்கு ஒண்ணோட நிறுத்திட்டாங்க. ‘ரெண்டே போதும்’னு அன்னைக்கு சுவரொட்டி ஒட்டினதும் இந்தக் கைதான். ‘இன்னும் பெறுங்க’ன்னு இப்போ ஒட்டறதும் இந்தக் கைதான். பசைகூட மாறல. நீ தைரியமா போ!"

மெஹ்ரி விடுப்பு விண்ணப்பத்தோடு உள்ளே போனாள்.

வாஹிதி படித்தார். நெற்றி சுருங்கியது. மெஹ்ரிக்கு உயிரே போய்விட்டது.

மறு நிமிடம் மனிதர் துள்ளி எழுந்தார்.

"ரெண்டாவதா! இதைப் போய் மறைச்சு வச்சியே, பைத்தியக்காரப் பொண்ணு! ரஹ்மத், ஓடிப்போய் இனிப்பு வாங்கிட்டு வாய்யா! அப்படியே ஒரு கம்பளமும் எடுத்துட்டு வா!"

"ஐயா, கம்பளம் மூணாவதுக்குத்தானே?"

"முன்கூட்டியே வச்சுக்கோம்மா! ஊருக்கெல்லாம் சொல்றோம், நம்ம ஆபீஸ்லயே ஒரு தாய் இருக்கான்னா சும்மாவா?"

அலுவலகமே கூடிவிட்டது. கம்பளத்தை ஒரு முனையில் வாஹிதியும் மறுமுனையில் மெஹ்ரியும் பிடித்துக்கொள்ள, பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். வாய் நிறைய இனிப்போடு ரஹ்மத் ‘நான் சொன்னேன்ல?’ என்று கண்ணடித்தார்.

இந்த மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மெஹ்ரிக்கு வெட்கமாகப் போயிற்று. கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் வாஹிதி அழைத்தார்.

"உக்காரும்மா. உன்னை நிக்க வைக்கக் கூடாது. ஒரு விளம்பரம் மட்டும் அடிச்சுக் கொடுத்துட்டு, சீக்கிரமா வீட்டுக்குக் கிளம்பு."

"என்ன விளம்பரம் ஐயா?"

"நவ்ரோஸ் புத்தாண்டோட உன் ஒப்பந்தம் முடியுதில்ல? அந்த இடத்துக்கு ஆள் வேணுமே."

மெஹ்ரி விசைப்பலகை முன் உட்கார்ந்தாள்.

வாஹிதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"‘பெண் தட்டச்சாளர் தேவை. கல்யாணம் ஆகாதவர், அல்லது இனிப் பிள்ளை பெறும் எண்ணமே இல்லாதவர் மட்டும்.’ இந்த வரியையும் கொட்டை எழுத்துல போடும்மா."