சன்னல் இல்லாத அறையின் திரை

வீட்டுக்காரருக்கு நான் தரவேண்டிய வாடகை பாக்கி நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். எங்கள் அடித்தள அறைக்குச் சன்னல் கிடையாது. பார்வைக்காவது இருக்கட்டும் என்று என் மனைவி பழைய போர்வையை வெட்டி வெறுஞ்சுவரில் திரையாகக் கட்டினாள். தினமும் விடிந்தால் திரை ஒதுங்கியிருக்கும்.

"ஏங்க, சுவத்துல என்ன வேடிக்கை?" என்று கேலி செய்தாள்.

"நான் தொடவே இல்லம்மா."

பயந்துபோய், திரையின் நான்கு மூலையிலும் ஆணி அடித்தேன். காலையில் ஆணிகள் என் தலையணை அருகே வரிசையாக இருந்தன.

பாக்கி கேட்க வந்த வீட்டுக்காரர் திரையை விலக்கினார். எனக்குச் சுவர்தான் தெரிந்தது. அவர் முகத்தில் வெயில் அடித்தது.

"யாருப்பா அங்க? உன் சம்சாரத்தக் கைகாட்டிக் கூப்பிடுறாங்க."

படியேறி ஓடினார். "பாக்கியே வேணாம்பா, கிளம்புங்க!"

என் மனைவி சுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டினாள்.