துண்டு, இரண்டரை முழம்

நனைக்காத துணியின் மேல் அவள் கத்தரியை வைத்தாள்.

முதலில் நனை. கஞ்சி போகட்டும். சுருங்குகிற மட்டும் சுருங்கட்டும். பிறகு வெட்டு.

ஜவுளிப் படிப்பில் முதல் வருடம், முதல் பாடம். அந்தத் தாளில் அவள் தொண்ணூற்றொன்று. துணியை எடுத்துக் கொடுத்த நெசவாளர் சொசைட்டிக்காரரும் அதையேதான் சொன்னார். "கையால நூத்த நூலு. ஊறப்போட்டுட்டு வெட்டும்மா."

வெட்டினாள்.

எதிர்ச் சுவரில், காட்சியை நடத்தும் மேடம் ஒட்டிய உடைப் பட்டியல்.

ஜமீன் வேட்டை, 1890. விருந்தினர் முன் காட்சி.

ராஜா: பட்டுத் தலைப்பாகை. மஞ்சிட்டிச் சிவப்பில் அங்கி.

காடு கலைப்பவர்கள், பதினான்கு பேர்: வேட்டி, அழுக்கு நிறம். மேல்சட்டை கிடையாது. துண்டு, இரண்டரை முழம். இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்.

கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

அந்த வேட்டை பங்களா இப்போது ஹோட்டல். ஜமீனின் கொள்ளுப்பேரன்தான் முதலாளி. ராஜா வேஷமும் அவருக்குத்தான். தகரம் தட்டி, மிருகத்தை விரட்டி, ராஜாவின் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து விடுகிற பதினான்கு பேரும் ஹோட்டலில் தோட்ட வேலை பார்க்கிறவர்கள், நீச்சல் குளம் கழுவுகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா.

உடை தைக்க வந்த முதல் நாளே மேடத்திடம் கேட்டாள். துண்டு தோளில் இருந்தால் என்ன?

"தப்பாயிடும்மா. ஹிஸ்டரி அப்படித்தான் இருந்திருக்கு. நாம மாத்தக் கூடாதுல்ல."

மேடம் நல்லவர்தான். அதுதான் தொல்லை.

வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "ஒரு மணி நேரம் கட்டிக்கிட்டு நிக்கணும். நடிப்புத்தான பாப்பா. கட்டாதவனா நானு?"

ஊருக்குள் அவர் துண்டு தோளில்தான் கிடக்கும். பங்களா கேட்டில் மட்டும் தானாக இறங்கிவிடும். யாரும் சொல்வதில்லை. சொல்லவே வேண்டியதில்லை.

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

ராஜாவின் சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் ஒன்றே போதுமாக இருந்தது. அழுக்குக்கு மூன்று சாமான்கள். கடுக்காய்ப் பொடி, தேயிலைத் தூள், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர்.

அசல் அழுக்கு எதிலிருந்து வந்தது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

வேட்டிகளை இரண்டு நாள் ஊறவைத்து, உலர்த்தி, அளந்துதான் வெட்டியிருந்தாள்.

துண்டுகளை அப்படியே கொதிநீரில் போட்டாள். கழியால் அழுத்தினாள். மேலே வந்தன. மறுபடி அழுத்தினாள்.

கொடியில் காய்ந்ததும் முழம் போட்டாள். இரண்டு முழம். அதற்கு மேல் நான்கு விரல்.

இடுப்பைச் சுற்றி வரும். முடிச்சுக்கு நுனி மிஞ்சாது.

காட்சி அன்று மாலை நான்கு மணிக்கு. புல்வெளியில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மேடம் ஒரு துண்டை எடுத்து முன்னாலிருந்தவரின் இடுப்பில் சுற்றினார். இழுத்தார்.

"என்னம்மா இது, எட்டவே இல்ல?"

"கைத்தறி மேடம். சுருங்கிருச்சு."

மேடம் அவளைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார்.

"சரி, தோள்லயே போட்டுக்கச் சொல்லு. தூரத்துல யாருக்குத் தெரியப்போகுது."

பதின்மூன்று பேர் போட்டுக்கொண்டார்கள். குளம் கழுவும் இருளாண்டி நெஞ்சை நிமிர்த்தி, "பொண்ணு பாக்கக் கூட்டிட்டுப் போங்கடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா மட்டும் துண்டை இடுப்பில் வைத்துப் பார்த்தார். வயிற்றை எக்கிப் பார்த்தார். எட்டவில்லை.

நாலாக மடித்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அவள் இடுப்புக்குத்தான் அளவு பார்த்திருந்தாள். கக்கத்துக்குப் பார்க்கவில்லை.

குதிரை வந்தது. மேலே மஞ்சிட்டிச் சிவப்பு. நல்ல சாயம்தான். அவள் போட்டது. வெயிலில் எரிந்தது.

பதின்மூன்று தகரங்கள் அதிர்ந்தன. பதினான்காவது முனகியது. கக்கத்தை இறுக்கியபடி அப்பா மணிக்கட்டால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

குதிரை மேலிருந்து குரல் வந்தது. "ஏய், கையத் தூக்கி அடிடா."

பட்டியலில் ராஜாவுக்கு வசனம் கிடையாது.

நாற்காலிகளில் கைதட்டல்.

அப்பா கையைத் தூக்கினார். துண்டு விழுந்தது.

குதிரை பத்தடி தூரத்தில். அப்பா தகரத்தைக் கீழே வைத்தார். குனிந்து துண்டை எடுத்தார். மண் ஒட்டியிருந்தது.

உதறினார்.

கொதிநீரில் சுருங்கி விறைத்த துணி. சாட்டை போலச் சொடுக்கியது.

குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் போனது. தலைப்பாகை சரிந்தது. மேலே இருந்தவர் இரண்டு கையாலும் குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

தகரங்கள் நின்றன.

அப்பா குதிரையைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அதன் ஓரத்தை, வெட்டிய இடத்தை, விரலால் தடவினார். பிறகு கூட்டத்துக்கு அப்பால், சாமான் அறை வாசலில் நின்ற அவளை.

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

துண்டில் மண் எப்போதோ போயிருந்தது.

அப்பா இன்னொரு முறை உதறினார்.