கொடைச்செம்மலின் ரேடார் டிடெக்டர்

தலை டேஷ்போர்டுக்கு அடியில். கால்கள் தெருவில்.

நடுவில் இருக்கும் உடம்பை அந்தக் காரின் இருக்கை இரண்டாக மடித்திருந்தது. தரையோடு தரையாகப் பம்மிக் கிடக்கும் சிவப்புக் கார். உள்ளே நுழைவதற்கே ஒருவன் யோகாசனம் பழகியிருக்க வேண்டும்.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அந்தக் கார் எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான்.

"எமகண்டம் முடியட்டும். பத்தரைக்கு மேல ஒயரைத் தொடு" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

கொடைச்செம்மல் தணிகாசலத்தின் குரல். அந்தப் பட்டத்தை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வதில் அவர் என்றைக்குமே கூச்சப்பட்டதில்லை.

மாட்ட வேண்டியது ரேடார் டிடெக்டர் என்ற கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. சாலையில் எங்கே வேகக் கேமரா இருந்தாலும் முன்கூட்டியே மோப்பம் பிடித்துக் கத்தும். கத்தினால் பிரேக். கேமராவைத் தாண்டியதும் பழையபடி நூற்றிருபது.



கேமரா கேட்டு மனுப் போட்டவர்களில் அவனும் ஒருவன். பள்ளிக்கூட வாசலில் வையுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் மனைவி அமுலு அங்கே ஆயா. காலையும் மாலையும் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுபவள். போன ஆடியில் ஒரு கார் அவள் கையிலிருந்த கொடியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது.

இன்னும் ஒரு சாண் உள்ளே நின்றிருந்தால், அவளையும்.

கேமரா வந்தது. தணிகாசலம்தான் வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூட வாசலுக்கு அல்ல. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கல்யாண மண்டபத்துக்கு எதிரில். அங்கேதான் நாலு பேர் பார்ப்பார்கள்.

கேமரா உள்ளங்கை அளவு. 'உபயம்' பலகை கட்டில் அளவு.

போன வாரம் அந்தக் கேமரா, நூற்றுப் பதினெட்டில் பறந்த ஒரு சிவப்புக் காரைப் படம் பிடித்தது.

"நான் வாங்கிக் குடுத்த கேமரா, என்னையே புடிக்குதுய்யா! ஒரு நன்றி வேணாம்? ஒரு மரியாதை வேணாம்?"

அவன் வாயில் டார்ச் இருந்தது. இருவருக்கும் நல்லதாயிற்று.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த தெருக் கடைக்காரன் பொட்டு வைத்து மாட்டிக் கொடுப்பான். கார் அதே வேகத்தில் அதே வாசலைத் தாண்டும்.

பத்தரை.

ஃப்யூஸ் பெட்டியிலிருந்து மின்சாரத்துக்கு ஒரு ஒயர் எடுத்தான். முன்கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் ஏற்றி, கூரைத் துணிக்கு அடியில் நுழைத்து, நடுக் கண்ணாடிக்குப் பின்னால் இறக்கினான். எர்த் ஒயரைப் பாடி போல்ட்டில் இறுக்கினான். ஒரு அங்குல ஒயர்கூட வெளியே தெரியவில்லை. கோபத்தில் செய்த வேலை இவ்வளவு சுத்தமாக வந்தது அவனுக்கே ஆத்திரமாக இருந்தது.

முடிக்கும்போது மணி மூன்று.

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான். பெட்டி கண் விழித்து, ஆங்கிலத்தில் ஒரு பெண் குரலில் வணக்கம் சொன்னது.

தணிகாசலம் பதிலுக்குக் கும்பிட்டார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன் சார். கொஞ்சம் செட்டிங் இருக்கு."

"பாத்து மெதுவா ஓட்டு. ரோட்ல கண்டவனும் வேகமா வரான்."

நாற்பதில் ஓட்டினான். அவமானம் தாங்காமல் கார் உறுமிக்கொண்டே வந்தது. மண்டபம் நெருங்கியதும் பெட்டி கத்தியது. சரி, வேலை செய்கிறது.

பள்ளிக்கூட வாசலில் சத்தமே இல்லை. கேமரா இருந்தால்தானே.

ஓரங்கட்டினான்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான். மோப்பத்துக்குச் சிக்காத கேமராக்களை ஓட்டுகிறவரே குறித்து வைத்துக்கொள்வதற்கு. எந்த இடத்தில் அழுத்துகிறோமோ அந்த இடத்தைப் பெட்டி மறக்காது. இனி எப்போது அங்கே வந்தாலும் கேமரா, கேமரா என்று கத்தும்.

அழுத்தினான்.

ஊரில் ஆட்கள் சாலை கடக்கிற இடம் இன்னும் நிறைய இருந்தது. அவன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.

"ஏன்யா இவ்ளோ நேரம்?"

"செட்டிங் நெறைய சார்."

நான்கு மணி. தணிகாசலம் ஓட்ட, அவன் பக்கத்தில். மண்டபத்தில் பெட்டி கத்தியதும் மெதுவாகப் போனார். தாண்டியதும் முள் நூறைத் தொட்டது.

பெட்டி மறுபடி வீறிட்டது.

அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். கார் பெருமூச்சு விட்டு இருபதுக்கு இறங்கி, ஊர்ந்து, பள்ளிக்கூட வாசலில் நின்றேவிட்டது.

அமுலு கொடியை உயர்த்தினாள். பிள்ளைகள் கடந்தார்கள். ஒருத்திக்கு நடுச்சாலையில் செருப்பு கழன்றது. நின்றாள். மாட்டினாள். வார் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். போனாள்.

தணிகாசலம் கண்ணாடியை இறக்கிவிட்டு, கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தார்.

"எவன்யா இங்க வச்சான்? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம? எங்கய்யா இருக்கு அது?"

"இப்பல்லாம் மறைச்சுதான் சார் வெக்கிறாங்க."

அமுலு அவனைப் பார்த்துவிட்டாள். அந்தக் காரில், அந்த ஆளுக்குப் பக்கத்தில், தன் புருஷன். துப்பாத குறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி சோறு கிடைப்பது சந்தேகம்தான்.

கடைசிப் பிள்ளையும் கடந்தது. கொடி இறங்கியது.

தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். எழுபது. தொண்ணூறு.

அவன் இரண்டு கையாலும் டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வளைவு திரும்பினால் ரேஷன் கடை.